படிப்பு இயந்திரமும் கொதிநீர்ப் பரீட்சையும்

(ஆம்பூரில் தோல் தொழிலாளர்கள் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



பள்ளிக்கூடங்களுக்குச் சர்க்கார் வாங்கிக் கொடுக்கும் கம்ப்யூட்டர்களையும், பாடம் சொல்லும் திரைகளையும் பற்றிப் பேசும்படி நம்மிடம் கேட்டிருக்கிறீர்கள். இதற்குப் பெரிய படிப்பாளிகள் வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். நமது அபிப்பிராயம் அதுவல்ல. ஆம்பூரிலும், பேரணாம்பட்டிலும், வாணியம்பாடியிலும், ராணிப்பேட்டையிலும் தோலில் கை வைத்து வேலை செய்கிற உங்களுக்கு இவ்விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல முழு யோக்கியதையும் உண்டு.

ஏனென்றால், டிரம்மில் குரோம் போட்டுச் சுற்றிய தோலை நீங்கள் எப்படி வெளியே எடுக்கிறீர்கள்? டிரம் வெளிநாட்டிலிருந்து வந்தது, விலை அதிகம், ஆகவே தோல் பதமாகத்தான் இருக்கும் என்று எடுத்துவிடுகிறீர்களா? இல்லையே! ஓரத்தில் ஒரு துண்டு நறுக்கிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் பார்க்கிறீர்கள். சுருங்கினால் பதம் வரவில்லையென்று மறுபடியும் டிரம்மை ஓட்டுகிறீர்கள். முதலாளி சொன்னாலும், முல்லாவோ சாஸ்திரியோ சொன்னாலும், சுருங்கின தோல் சுருங்கினதுதான். ஒரு ஆட்டுத் தோலுக்கு இருக்கும் இந்தப் பரீட்சை, நமது பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கும் இயந்திரத்துக்கு வேண்டாமா என்பதுதான் நமது கேள்வி.

தோழர்களே! 1953-ல் இராஜகோபாலாச்சாரியார் முதல்மந்திரியாக இருந்தபோது கிராமப் பள்ளிகளில் ஒரு திட்டம் கொண்டு வந்தார். பள்ளிக்கூடம் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம். மிச்ச நேரத்துக்குப் பிள்ளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும். அதன்படி தோல் பதனிடுகிறவன் மகன் தோலுக்கே போக வேண்டியதுதான். அதைக் குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது; காமராசர் பதவிக்கு வந்ததும் 1954-ல் அது ஒழிந்தது. ஆனால் இன்று நடப்பதென்ன? பள்ளிக் கதவு திறந்திருக்கிறது, பிள்ளையும் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். ஆறாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு மூன்றாம் வகுப்பு வகுத்தல் கணக்குப் போடத் தெரியாமல் இருக்கிறான். அவன் கடைசியில் எங்கே போவான்? சட்டமில்லாமலே, உத்தரவில்லாமலே அதே டிரம்முக்குத்தான் வந்து சேருவான். ஆகையால், எந்த இயந்திரம் அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் கற்றுக் கொடுக்கிறதோ அதை வரவேற்போம். எது கற்றுக் கொடுக்கவில்லையோ அது என்ன விலையானாலும் நமக்கு வேண்டியதில்லை.

நாம் இயந்திரத்துக்கு விரோதிகளல்ல. பணக்காரன் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர், ஏழைப் பிள்ளைக்குச் சிலேட்டு போதும் என்று சொல்லுகிறவன் யோக்கியனல்ல. 2011 முதல் இந்நாட்டுச் சர்க்கார் பல லட்சம் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுத்ததால், குடிசை வீட்டுப் பிள்ளையும் அதைத் தொட்டுப் பழகினான். அது நல்ல காரியமே. ஆனால் கையில் இருப்பது வேறு, மண்டையில் ஏறுவது வேறு. ஒரு ஊரில் நாம் கண்ணால் பார்த்தோம். பள்ளிக் கம்ப்யூட்டர் அறைக்கு வருஷம் முழுவதும் பூட்டு. ஆயுத பூசையன்று மட்டும் அதைத் திறந்து, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சுண்டல் தின்றுவிட்டு மறுபடியும் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளுக்குச் சுண்டல் கிடைத்தது, கணக்குக் கிடைக்கவில்லை!

நிற்க, மற்ற இடங்களில் பரீட்சை செய்து பார்த்தவர்கள் கண்டது என்ன? தென்னமெரிக்காவில் பெரு என்ற நாட்டில், பிள்ளைக்கு ஒரு கம்ப்யூட்டர் என்று கொடுத்தார்கள். 300-க்கு மேற்பட்ட பள்ளிகளில், கொடுத்த இடத்தையும் கொடாத இடத்தையும் 15 மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். கணக்கிலும் மொழிப்பாடத்திலும் வித்தியாசமே இல்லை.

நம் தேசத்தில் டில்லியில் வேறு விதமாகச் செய்தார்கள். 6 முதல் 9 வரை வகுப்புப் பிள்ளைகள் 619 பேரில் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேரைப் பள்ளி முடிந்தபின் ஒரு நிலையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே கம்ப்யூட்டர் முதலில் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து, வகுப்பை விட்டுவிட்டு, அவன் நின்ற இடத்திலிருந்து பாடம் கொடுத்தது. பாதி நேரம் இயந்திரம், பாதி நேரம் ஒரு மனிதர். நாலரை மாதத்தில், சீட்டு விழுந்த பிள்ளைகள் கணக்கில் அடைந்த முன்னேற்றம் சீட்டு விழாதவர்களைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்! பின்தங்கின பிள்ளைகளுக்கே ஒப்பீட்டளவில் அதிகப் பலன்.

குஜராத்தில் இன்னொரு சங்கதி. உபாத்தியாயர் பாடநேரத்தை எடுத்துக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது பிள்ளைகள் குறைவாகக் கற்றார்கள். அதே பாடத்தைப் பள்ளி முடிந்தபின் கூடுதலாகக் கொடுத்தபோது அதிகம் கற்றார்கள். இயந்திரம் ஒன்றுதான், வைத்த இடந்தான் வேறு!

நம் தமிழ்நாட்டிலேயே பாருங்கள். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின், 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பமாயிற்று. தெருவிலுள்ள பெண்களே தொண்டர்களாகி, சாயங்காலம் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். நம் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைப் பரீட்சித்தவர்கள், இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்தில் மீண்டது என்றும், மீண்டதில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்றும் கண்டார்கள். பாயும், கரும்பலகையும், ஒரு பெண்ணின் பொறுமையும் செய்த வேலை இது!

ஆகவே பலன் தருவது பளபளப்பான திரையல்ல. பிள்ளை நின்ற இடத்திலிருந்து தொடங்குவதும், நேரத்தைக் கூட்டுவதும், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதுமே. இவற்றுக்கு உதவும் இயந்திரம் நல்ல இயந்திரம், மற்றது தாயத்து.

2024-ல் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகளும், ஏறக்குறைய 80,000 உபாத்தியாயர்களுக்கு டேப்லட்டுகளும் என்று சர்க்கார் திட்டமிட்டது. மற்றொரு பக்கம், மத்திய சர்க்கார் தன் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லையென்று 2024-25-க்குத் தரவேண்டிய கல்விப் பணம் சுமார் 2,150 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. பணத்துக்கு இவ்வளவு இழுபறி இருக்கும்போது, பரீட்சிக்காமல் செலவு செய்யும் ஒவ்வொரு ரூபாயும் ஒரு பிள்ளையின் படிப்பைத் திருடியதாகும். அது யாருடைய பணம்? தீப்பெட்டி வாங்கும்போதும், செருப்பு வாங்கும்போதும் நீங்கள் கொடுக்கும் வரிப்பணந்தானே!

தாய்மார்களே! 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள் இருக்க வேண்டும். ஷூ கம்பெனி வேலை முடிந்து களைத்து வருகிறீர்கள் என்பது தெரியும். ஆனாலும் அக்கூட்டத்துக்குப் போய் நான்கு கேள்வி கேளுங்கள். இதை விற்கிறவனல்லாத வேறு யாராவது பரீட்சித்தார்களா? என் பிள்ளையின் நிலைக்குத் தக்கபடி பாடம் தருமா, அல்லது எல்லோருக்கும் ஒரே படம் காட்டுமா? உபாத்தியாயர் நேரத்தைத் தின்னுமா, கூட்டுமா? தமிழிலும், நம் ஊர் உருதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உருதுவிலும் பேசுமா?

ஆறு மாதம் கழித்து ஐந்தாவது கேள்வியையும் கேளுங்கள்: "பிள்ளைக்கு வகுத்தல் வந்ததா?" வந்தால் கை தட்டுங்கள். வராவிட்டால் மறுபடியும் டிரம்மை ஓட்டச் சொல்லுங்கள். துண்டு நறுக்கிப் பார்க்காத தோலை வெளியே விடாத நீங்கள், பரீட்சிக்காத படிப்பையும் விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, இவ்வளவோடு நமது பேச்சை முடித்துக் கொள்கின்றோம்.