மருத்துவரும் பதிவேடும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிழைப்பை நாடித் திருவனந்தபுரத்திற் குடியேறிய நம்மவர் பலர்க்கு, நோய் வந்துற்ற காலத்தில் உற்றாரும் ஊராரும் அருகில் இல்லை. சொந்த ஊராயின், இன்ன மருத்துவர் கைராசிக்காரர் என்று சொல்லப் பத்துப் பேர் இருப்பர். ஈண்டு நாம் எதைக் கொண்டு ஒருவரை நம்புவது? இவ்வினாவிற்கு முதல் விடை மருத்துவப் பதிவேடு.

பயின்றவரையும் பயிலாதவரையும் பொதுமக்கள் பிரித்தறிதல் வேண்டும் என்னும் நோக்கத்துடன் இங்கிலாந்தில் 1858-ஆம் ஆண்டு மருத்துவச் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் 1914-இல் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. நம் நகரிலோ, 1953-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்–கொச்சி மருத்துவர் சட்டத்தின் வழியே கவுன்சில்கள் அமைந்தன. மேனாட்டு மருத்துவம், நம் சித்தத்தையும் ஆயுர்வேதத்தையும் உள்ளடக்கிய உள்நாட்டு மருத்துவம், ஓமியோபதி ஆகியவற்றிற்குத் தனித்தனி ஏற்பாடு உண்டாயிற்று. 1956-இல் கேரள மாநிலம் பிறந்த பின்னும் அப்பழம் பெயர் நெடுங்காலம் நிலைத்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமே பெயரையும் அமைப்பையும் கேரளத்திற்கு உரியதாக்கிற்று.

பட்டம் பெறுதல் வேறு; பதிவு பெறுதல் வேறு. தேர்வில் வென்று, மருத்துவமனையில் ஓராண்டு பயிற்சி முடித்து, கவுன்சிலிற் பெயர் பதிந்த பின்னரே ஒருவர் தனித்து மருத்துவம் செய்யலாம். ஒழுக்கம் தவறினால் அப்பெயரைச் சில காலத்திற்கோ என்றென்றைக்குமோ நீக்கும் அதிகாரமும் கவுன்சிலுக்கு உண்டு.

ஆயினும் அன்பர்களே, இளமையில் எழுதிய தேர்வு ஒருவரது வாழ்நாள் முழுமைக்கும் போதுமா? மருந்துகள் மாறுகின்றன, முறைகள் மாறுகின்றன. இதனை எண்ணியே, ஐந்தாண்டிற்கு ஒருமுறை 30 மணி நேரமேனும் மருத்துவர் தொடர்கல்வி பெற வேண்டும் என 2002-ஆம் ஆண்டு இந்திய நடத்தை விதிகள் வகுத்தன. இங்கிலாந்தில் 2012 டிசம்பர் முதல், சக மருத்துவர், நோயாளர் ஆகியோரின் கருத்துக்களையும் திரட்டி, ஐந்தாண்டிற்கு ஒருமுறை உரிமத்தை உறுதிப்படுத்துகின்றனர். மண்டபத்தில் அமர்ந்து கேட்ட மணிகளை எண்ணுவதைக் காட்டிலும், செய்த வேலையை ஆராய்வது மேலன்றோ?

அத்தகைய ஆராய்ச்சிக்குக் கேரளமே நல்லதோர் எடுத்துக்காட்டு. பேறுகாலத்தில் இறந்த தாய்மாரைப் பற்றி, மகப்பேற்று மருத்துவர்களின் கேரளக் கூட்டமைப்பு 2004 முதல் இரகசிய ஆய்வு நடத்தி வருகின்றது. இறந்தவர் பெயரும், மருத்துவர் பெயரும், மருத்துவமனையின் பெயரும் நீக்கப்பட்ட பின்னரே குறிப்புகள் வல்லுநரிடம் செல்கின்றன. குற்றவாளியைத் தேடுவது அதன் நோக்கமன்று. அடுத்த தாயைக் காப்பதே நோக்கம். பிள்ளைப்பேற்றின் பின் பெருகும் உதிரப்போக்கும், இரத்தக் கொதிப்பும் பெருங்காரணங்கள் என அறிந்து, அவற்றிற்குரிய தர நெறிகளைப் பிரிட்டிஷ் வல்லுநர் துணையுடன் வகுத்தனர்.

தண்டனை மட்டும் இருப்பின் பிழைகள் மறைக்கப்படும். மன்னிப்பு மட்டும் இருப்பின் அலட்சியம் வளரும். தண்டிக்கும் கவுன்சிலும் கற்பிக்கும் ஆய்வும் இரு கண்களாகும்.

நம் கடமையும் ஒன்றுண்டு. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பதிவெண் உளதா எனப் பாருங்கள். அதனை அச்சிடுமாறு அவ்விதிகளே பணிக்கின்றன. சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்டால், 72 மணி நேரத்திற்குள் தருதல் வேண்டும் என்பதும் விதியே. கேட்பதற்குக் கூச வேண்டா. பதிவில்லாதவரிடம் ஊசி போட்டுக்கொள்ள வேண்டா. மலையாளம் அறியாத முதியோர்க்கு நோயை விளக்கிச் சொல்லத் துணை வேண்டும். மருத்துவமனைக்கு உடன் செல்லும் இளைஞர் குழுவொன்றை நம் சங்கம் இவ்வாண்டே அமைக்குமாயின், அதுவே இவ்விழாவின் பயனாகும்.