வழியிடை ஓரிரவும் வேட்டைத் துவக்கும்

நெடும்பயணத்தின் இடையே ஓரிரவு தங்க நேர்ந்த பிரயாணி ஒருவர், தம் பெட்டியைப் பெற்றுக்கொண்டு விடுதிக்குச் செல்வதில் குற்றம் யாது? துணியும் நூல்களும் நிறைந்த பெட்டியாயின் குற்றம் ஏதுமில்லை. அது எந்நாட்டு விடுதியிலும் உடையவரோடு உறங்கலாம். ஆனால், அப்பெட்டியினுள் வேட்டைத் துவக்கு ஒன்று இருக்குமாயின், அந்த ஓரிரவே உடையவரைச் சிறைவாயில் வரை கொண்டுசென்று விடவும் கூடும்.

ஐக்கிய அமெரிக்காவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் ஆண்டுதோறும் பலர் வேட்டைக்காகச் செல்கின்றனர். தமக்குப் பழகிய துவக்கையே உடன் கொண்டுசெல்வதைப் பலர் விரும்புவர். அதற்கு விமானச் சேவைகளும் இடமளிக்கின்றன. துவக்கில் ரவை இருத்தலாகாது. அது உறுதியான பெட்டியில் வைத்துப் பூட்டப்படல் வேண்டும். பிரயாணி அதனைப் பற்றி விமானக் கம்பனியின் உத்தியோகத்தருக்கு வாய்விட்டு அறிவித்தல் வேண்டும். பெட்டி விமானத்தின் அடிப்பாகத்திலே செல்லும். பிரயாணி ஒருவர் கொண்டுசெல்லக்கூடிய ரவைகளின் நிறை, சர்வதேச விமான விதிகளின்படி 5 கிலோகிராமுக்கு மேற்படலாகாது.

இம்முறையின் உட்பொருளை உய்த்துணர்தல் நன்று. வானிலே செல்லும்போது துவக்கு உடையவரின் கையில் இல்லை. விமானக் கம்பனியின் காவலில் இருக்கின்றது. இரண்டு மணி நேரத்தில் விமானம் மாறுபவர், தம் துவக்கைக் காண்பதுமில்லை, தொடுவதுமில்லை. இடையில் ஓரிரவு வந்துவிட்டாலோ அக்காவல் அறுந்துபோகின்றது. பெட்டி அவர் கைக்கு வருகின்றது. கைக்கு வந்த கணத்திலேயே, அந்த மண்ணின் சட்டமும் அவர்மீது வந்து படிகின்றது.

இதற்குச் சான்றாக ஒரு வழக்கு உண்டு. 2005 ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில், யூட்டா மாநிலத்தவர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் புறப்பட்டார். அவர் வேட்டைக்குச் சென்றவர் அல்லர். பூட்டிய பெட்டியில் ஒரு கைத்துப்பாக்கியை விதிப்படி அறிவித்தே கொண்டு சென்றார். விமானம் தாமதித்ததனால், நியூ ஜேர்சி மாநிலத்து நியூவாக் விமான நிலையத்தில் அடுத்த விமானத்தைத் தவறவிட்டார். பொதிகளைப் பெற்றுக்கொண்டு அருகிலிருந்த விடுதியில் அவ்விரவைக் கழித்தார். மறுநாட் காலை மீண்டும் விமான நிலையத்துக்கு வந்து, முன்போலவே துப்பாக்கியைப் பற்றி அறிவித்தார். பொலிசார் அவரைக் கைது செய்தனர். அம்மாநிலத்தின் அனுமதிப் பத்திரம் அவரிடம் இல்லை என்பதே காரணம். சில நாட்களைச் சிறையிற் கழித்தார். பின்னர் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன.

அவர் நீதி கோரி வழக்குத் தொடுத்தார். 1986 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று, புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் துப்பாக்கி வைத்திருக்க உரிமையுள்ளவர், இடைப்பட்ட மாநிலங்களினூடாக அதனைக் கொண்டுசெல்லலாம் என இசைவு தருகின்றது. ஆயினும், துப்பாக்கியோ ரவையோ எளிதிற் கைக்கெட்டும் நிலையில் இருத்தலாகாது என்பது அதன் நிபந்தனை. விடுதியிலே கழிந்த இரவில் துப்பாக்கி அவர் கைக்கெட்டும் நிலையில் இருந்ததனால், அச்சட்டம் அவரைக் காவாது என 2010 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் தம் தவறின்றியே இவ்விக்கட்டில் அகப்பட்டார் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. எனினும், பொதியைக் கையேற்குமுன் விமான நிலையத்துப் பொலிசாரிடமோ உத்தியோகத்தரிடமோ அவர் உதவி கேட்டிருக்கலாம் என்று அது சுட்டிக் காட்டியது. 2011 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றமும் இவ்வழக்கை விசாரணைக்கு ஏற்கவில்லை.

இத்தீர்ப்பு கடுமையானது என்போர் உளர். உண்மையை மறையாது கூறியவரே தண்டனை அடைந்தார் என அவர்கள் வருந்துவதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், நியூவாக்கில் இறங்கும் வேட்டைக்காரருக்குத் தீர்ப்பின் நியாய அநியாயத்தை விட, அது தரும் எச்சரிக்கையே உடனடியாக வேண்டப்படுவது.

ஒரு நாட்டின் மாநிலங்களுக்கிடையிலேயே இந்நிலை என்றால், நாடு கடந்து செல்லும்போது கவனம் இரட்டிப்பாதல் வேண்டும். ஜொகனஸ்பேர்க் விமான நிலையத்தை எடுத்துக்கொள்வோம். துவக்குடன் இறங்கும் வேட்டைக்காரர் அங்குள்ள பொலிஸ் அலுவலகத்தில் தற்காலிக இறக்குமதி அனுமதி பெறல் வேண்டும். துவக்கில் பொறித்த இலக்கமும் பத்திரத்தில் எழுதிய இலக்கமும் அங்கே ஒப்புநோக்கப்படும். துவக்கு தம்முடையதே என்பதற்குச் சான்றும் வேண்டும். இதற்காகவே அமெரிக்கர், தாய்நாட்டை விட்டுப் புறப்படுமுன் அந்நாட்டுச் சுங்க அலுவலகத்தில் 4457 ஆம் இலக்கப் படிவத்தைப் பெற்றுக்கொள்கின்றனர்.

இனி, ஒருவர் வேட்டையாடப் போவது நமீபியாவில். ஜொகனஸ்பேர்க்கில் ஓரிரவு மாத்திரமே தங்குகின்றார் எனக் கொள்வோம். துவக்கைக் கையேற்றுச் சுங்க எல்லையைக் கடப்பாராயின், தென்னாபிரிக்க மண்ணில் ஒரு முறையேனும் சுடாத அவருக்கும் தென்னாபிரிக்க அனுமதி தேவையாகின்றது. அனுமதி பெற்றபின்னும் பொறுப்பு நீங்குவதில்லை. விடுதியில் துவக்கைப் பூட்டி வைக்கத்தக்க இரும்புப் பெட்டகம் இருத்தல் வேண்டும். திருடப்பட்ட துவக்கு யார் கையை அடையும், யார் உயிரைக் குடிக்கும் என்பதை எவரே அறிவார்? சட்டங்களின் கடுமைக்கு வேட்டைக்காரர்மீது கொண்ட பகைமை காரணமன்று. இந்த அச்சமே காரணம்.

ஆகவே, பயணச் சீட்டை வாங்கும்போதே இரவைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இடைத்தங்கல் இல்லாத வழி கிடைக்குமாயின், சிறிது பணம் கூடினும் அதுவே சிறந்தது. பெட்டி இறுதி இடம் வரை நேரே அனுப்பப்படுமா என்பதை விமானக் கம்பனியிடம் கேட்டறிதல் வேண்டும். வெவ்வேறு கம்பனிகளின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கியவர் இதனை ஒருபோதும் மறத்தலாகாது. தங்குவது தவிர்க்க முடியாததாயின், அவ்விடத்துச் சட்டம் கோரும் அனுமதியை முன்னரே ஆயத்தப்படுத்தல் வேண்டும்.

இவ்வளவு செய்தும், புயலோ இயந்திரக் கோளாறோ விமானத்தை நிறுத்திவிடலாம். அவ்வேளையில் களைப்பு மிகும். நித்திரை கண்ணை மறைக்கும். பொதிகள் வந்து சேரும் இடத்திலே தம் பெட்டியைக் கண்டதும் கை தானாகவே நீளும். அக்கையை ஒரு கணம் அடக்கிக்கொண்டு, முதலில் உத்தியோகத்தரை நாடி, “இப்பெட்டியில் துவக்கு உண்டு, இன்றிரவு இதனைக் காவலில் வைக்க இயலுமா?” எனக் கேட்பதே அறிவுடைமை. கேட்பதற்குச் சில நிமிடங்களே செல்லும். கேளாது எடுத்தவர் சில நாட்களைச் சிறையிலும், சில ஆண்டுகளை நீதிமன்றத்திலும் செலவிட நேரலாம்.