நாம் இல்லாத ராத்திரி



சர்வர்களை அமைக்க எந்தக் கருவி நல்லது என்று கேட்டீர்கள். 2005-ல் பப்பெட், 2009-ல் செஃப், 2012-ல் ஆன்சிபிள் வந்தன. முதல் இரண்டுக்கும் வழக்கமாக ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஏஜென்ட் வேண்டும். ஆன்சிபிளுக்கு எஸ்எஸ்ஹெச் இணைப்பும் பைத்தானும் போதும்.

நாங்கள் செஃப்பை எடுத்தோம். அதில் ரூபி மொழியில் எழுத வேண்டும். ரூபி தெரிந்தவர் எங்களில் ஒருவரே. அவரும் வேலையை விட்டுப் போனார். ஒரு ராத்திரி சர்வர்கள் படுத்துவிட்டன. அவர் எழுதி வைத்ததைப் படிக்கவே எங்களுக்குத் தெரியலே. விடிய விடிய ஒவ்வொன்றாகக் கையால் சரிசெய்தோம். தப்பு கருவியில் இல்லே, எங்கள் தேர்வில்.

பிறகு ஆன்சிபிளுக்கு மாறினோம். அதன் யாமல் கோப்பைப் புதிதாகச் சேர்ந்த பையனும் படித்துவிடுவான்.

தம்பிகளா, எதையும் தேர்ந்தெடுக்குமுன் ஒன்று கேளுங்கள்: நாம இல்லாத ராத்திரியில் இதை யார் படிப்பார்?