பல வகையாய் இருப்பதன் பலன்

(நூற்றாண்டுக் கூட்டத்தில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகச் சுருவிலில் என்ன செய்யலாம் என்று பல நாடுகளிலிருந்தும் கேட்டிருந்தீர்கள். அதிகம் பேர் சொன்னது மரம் நடுவது. நல்ல யோசனைதான். ஆனால் எந்த மரம், எங்கே, எத்தனை வகை என்று யோசிக்கத் தொடங்கியபோது, அது எம்மை ஒரு பெரிய விஞ்ஞானத் துறைக்குள் கொண்டுபோய் விட்டது. இன்று அதைப் பற்றியே பேசுகிறோம்.

ஓரிடத்தில் வாழும் செடி, கொடி, மீன், பூச்சி, நுண்ணுயிர் ஆகியவற்றின் பன்மையை உயிர்ப்பல்வகைமை என்கிறோம். அவை மண்ணோடும் நீரோடும் சேர்ந்து நடத்தும் குடித்தனம்தான் சூழற்றொகுதி. நீரைத் தேக்குவது, மண்ணைப் பிடித்து வைப்பது, குப்பையைப் பசளையாக்குவது எல்லாம் அந்தக் குடித்தனத்து வேலைகள். இந்த வேலைகள் நடக்க இத்தனை வகை உயிர்கள் வேண்டுமா, நாலைந்து வகை போதாதா? கேள்வி சிறிது. விடை காண, ஆராய்ச்சியாளர் சிலர் தம் வாழ்நாளையே கொடுக்கவேண்டி வந்தது.

அவர்களில் ஒருவர் டேவிட் டில்மன். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் சீடர் கிறீக் என்னும் இடத்தில், 1982இல் புல்வெளியைப் பாத்திகளாகப் பிரித்து ஆராயத் தொடங்கினார். ஆண்டுதோறும் பாத்திகளில் வெட்டிய புல்லைக் காயவைத்து, நிறுத்துக் கணக்கு வைத்தார். 1988ஆம் ஆண்டை ஒட்டி அங்கே கடும் வரட்சி வந்தது. பல வகைச் செடிகள் இருந்த பாத்திகளில் விளைவு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. வகை குறைந்த பாத்திகளிலோ எட்டிலொரு பங்கு அளவுக்கு விழுந்தது. 1994இல் இது வெளியானபோது மற்ற விஞ்ஞானிகள் மறுப்புச் சொன்னார்கள். உரம் போட்டதால்தான் அந்தப் பாத்திகளில் வகை குறைந்தது, ஆகவே பாதிப்புக்குக் காரணமும் உரமாக இருக்கலாமே என்றார்கள். இந்தக் கேள்விக்கு விடை தரக்கூடிய வேறொரு சோதனையையும் டில்மன் அதே காலத்தில் தொடங்கினார். 9 மீற்றர் சதுரத்தில் 168 புதிய பாத்திகள் போட்டு, ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு வகை என்று விதைகளைக் கலந்து விதைத்தார். பல வகை இருந்த பாத்திகளே கூடுதலாக விளைந்தன. ஆண்டுகள் போகப்போக அந்த வித்தியாசமும் கூடியது.

காரணம் எங்கள் தோட்டக்காரருக்குப் புதிதல்ல. ஒரு செடியின் வேர் மேலே பரவும், இன்னொன்றின் வேர் ஆழத்துக்கு இறங்கும். அவரை இனச் செடி காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். நெல் வெட்டிய வயலில் சணல் விதைத்ததும், பூவரசங்குழை தாழ்த்தியதும் இதே கணக்கில்தான்.

மினசோட்டா தூரம். எங்கள் நாட்டிலேயே ஒரு பெண் விஞ்ஞானி இந்தத் துறையில் உழைத்திருக்கிறார். அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியையாக இருந்த சாவித்திரி குணதிலக. தம் கணவர் பேராசிரியர் நிமல் குணதிலகவுடன் சிங்கராஜ வனத்தைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். 1970களில் ஒட்டுப்பலகைக்காக அந்தக் காட்டில் இயந்திரம் கொண்டு மரம் தறித்தார்கள். எதிர்ப்பு வலுத்து 1977இல் அது நின்றது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமை இடமானது. 1993இல் அங்கே 25 ஹெக்டேயர் நிலத்தை அளந்து, ஒரு சென்ரிமீற்றர் தடிப்புள்ள கன்று முதற்கொண்டு ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டுப் பதியத் தொடங்கினார்கள். 200க்கும் மேற்பட்ட இனங்கள், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள். பிறகு திரும்பத் திரும்பப் போய் எது வளர்ந்தது, எது பட்டது, எது புதிதாய் முளைத்தது என்று எண்ணினார்கள். அட்டை கடிக்கும் மழைக்காட்டில் இது எத்தகைய பொறுமை என்று நினைத்துப் பாருங்கள்.

வனத்தின் ஓரத்தில் பைன் என்ற ஒரே வகை மரம் நட்ட தோட்டங்கள் இருந்தன. குணதிலக தம்பதியரும் யேல் பல்கலைக்கழகத்து மார்க் அஷ்டனும் அந்தப் பைன்களை முற்றாக அழிக்கவில்லை. சில வரிசைகளை மட்டும் வெட்டி வெளிச்சம் விட்டு, நிழலில் உள்நாட்டுக் கன்றுகளை நட்டார்கள். கன்றுகள் வளர்ந்தன. ஒற்றை மரத் தோட்டத்தையும் பல மரக் காடாக்கலாம் என்பதற்கு அது ஒரு வழிகாட்டி.

இனி எங்கள் கரைக்கு வருவோம். தீவகத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். மாரியில் பெய்யும் நீர் நிலத்துக்குள் இறங்கி, உவர் நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நாங்கள் கிணற்றில் அள்ளுவது அதைத்தான். மண்கும்பான், அல்லைப்பிட்டி மணற்பிட்டிகள் அந்த நீரைச் சேமிக்கும் பெட்டகங்கள். பிட்டியில் படரும் கொடி மணலைப் பிடிக்கிறது. தரவைப் புல்லில் மாடு மேய்கிறது, பறவை இறங்குகிறது. கண்ணா, கண்டல், தில்லை வேர்களுக்குள் இறாலும் நண்டும் குஞ்சாக வளர்கின்றன. ஆழமில்லாக் கடலில் சாதாளை ஓராவுக்கு மேய்ச்சல் நிலம். கடலட்டை சேற்றை விழுங்கி, அதிலுள்ள அழுகலைத் தின்று, மண்ணைக் கிளறி விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று தளரும் ஆண்டில் இன்னொன்று அந்த வேலையைத் தாங்கும்.

தரவையை வெறும் நிலம் என்றும் கண்ணாப் பற்றையைக் குப்பை என்றும் நினைத்து அங்கே மரம் நட்டால் நன்மை வராது. ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர் கொடிகார குழுவினர் ஆராய்ந்து 2017இல் எழுதினார்கள். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் பராமரிக்காததும் பெருங்காரணங்கள். கடலட்டைப் பண்ணைகளும் இப்போது தீவகக் கரைகளுக்கு வந்துள்ளன. அவற்றால் சில குடும்பங்களில் அடுப்பு எரிகிறது. வலைபோட்டு அடைத்த இடம் தம் தொழிலிடம் என்று வேறு குடும்பங்கள் சொல்கின்றன. அங்கே முன்பு என்ன இருந்தது என்ற கணக்கு இல்லாவிட்டால் இரு பக்கத்துக்கும் நியாயமாக ஒரு பதில் சொல்ல முடியாது.

1990களின் தொடக்கத்தில் தீவகமே இடம்பெயர்ந்தது. செடியின் பேரும், மீனின் பேரும், எந்தக் காற்றுக்கு எது கரைக்கு வரும் என்பதும் தெரிந்தவர்கள் இன்று வயதானவர்கள். அவர்கள் போனால் அந்தப் பேர்களும் போய்விடும். ஆகவே எங்கள் வேண்டுகோள் இரண்டு.

ஒன்று: நூறு மரம் நடுவதானால் ஒரே வகையில் நூறு வேண்டாம். வளவிலும் வேலியோரத்திலும் குளக்கட்டிலும் பனை, பூவரசு, வேம்பு, இலுப்பை, புளி, நாவல், விளாத்தி என்று கலந்து நடுவோம். தரவையையும் கடற்கரையையும் அவற்றின் போக்கில் விடுவோம். தண்ணீர் ஊற்றுகிறவருக்கு மூன்று கோடைக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் ஒதுக்குவோம்.

இரண்டு: பாடசாலையில் ஒரு பதிவேடு தொடங்குவோம். ஒரு குளம், ஒரு தரவைத் துண்டு, ஒரு கரைத் துண்டு. ஆண்டுக்கு இருமுறை, மாரியில் ஒன்று, கோடையில் ஒன்று, மாணவிகள் போய் எண்ணட்டும். அம்மம்மாமாரிடம் பேர் கேட்டு எழுதட்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் நீங்கள் உங்கள் நினைவிலுள்ள பேர்களை எழுதி அனுப்புங்கள்.

இன்று எண்ணத் தொடங்கும் பிள்ளைகளில் ஒருத்தி நாளை பேராதனைக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கோ போய் இதையே தன் வாழ்க்கைப் பணியாக எடுக்கலாம். எடுக்காவிட்டாலும், வரட்சியான ஓர் ஆண்டில் எங்கள் கிணறு ஏன் உவர்த்தது, எங்கள் கடலில் ஓரா ஏன் குறைந்தது என்று கேட்க அவளிடம் எழுத்தில் ஆதாரம் இருக்கும். அந்தப் பதிவேட்டின் முதற் பக்கத்தை இந்த மாரியிலேயே எழுதத் தொடங்குவோம்.