கைவிடப்பட்ட கப்பலும் கைவிடாத இறைவனும்

 



இன்று ஹஜ்ஜுப் பயணம் விமானத்தில் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நம் முன்னோர்களோ கடன்களை அடைத்து, வஸிய்யத் எழுதிவைத்து, உற்றார் உறவினரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். திரும்பி வருவோம் என்ற உறுதி அவர்களுக்கு இருந்ததில்லை. 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் நீராவிக் கப்பல்கள் பெருகின. காற்றுக்காகக் காத்திருக்கும் நிலை மாறியது. ஆனால் அதுவரை வெளியிலிருந்து மட்டும் வந்த ஆபத்து, கொதிகலன் என்னும் வடிவில் கப்பலின் வயிற்றுக்குள்ளேயே குடியேறியது.

அத்தகைய கப்பல்களுள் ஒன்று ‘ஜெத்தா’. 1872-இல் ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டனில் கட்டப்பட்ட இக்கப்பல், 1880 ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து புறப்பட்டு, பினாங்கிலும் பயணிகளை ஏற்றிக்கொண்டு, புனித ஹஜ்ஜை நாடிய தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோருடன் ஜித்தா நோக்கிச் சென்றது. ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். அரபிக்கடலின் தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாகத் தாக்கியது. பேரலைகளில் கப்பல் உருண்டு புரண்டதில் கொதிகலன்கள் அவற்றின் இருக்கையிலிருந்து பெயர்ந்தன. குழாய்கள் உடைந்து, உள்ளே நீர் புகுந்தது. ஹாஜிகள் இரவும் பகலும் நீரை இறைத்துக் கொட்டினர்.

ஆகஸ்ட் 8-ஆம் நாள் அதிகாலை இருளில், ஆப்பிரிக்காவின் குவார்டஃபூயி முனைக்கு அப்பால், கப்பலின் தலைவர் கிளார்க் தம் மனைவியுடனும் முக்கிய அதிகாரிகளுடனும் படகில் இறங்கிக் கப்பலைக் கைவிட்டுச் சென்றார். அவ்வழியே வந்த ‘சிந்தியா’ என்னும் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்டது. ஆகஸ்ட் 10-இல் ஏடன் துறைமுகத்தில் இறங்கிய அவர்கள், ‘ஜெத்தா’ பயணிகளோடு மூழ்கிவிட்டதாகச் சொன்னார்கள். அச்செய்தி தந்தி வழியாக லண்டன் வரை எட்டியது.

அன்பர்களே! ஹிஜ்ரி 1297-ஆம் ஆண்டின் ரமளான் பிறை பிறந்த நாட்கள் அவை. மாலுமித் தலைவர்களும் இயந்திரத்தின் உதவியும் இல்லாத அந்த மக்கள் என்ன செய்தார்கள்? கை உயர்த்தித் துஆச் செய்தார்கள். அதே கைகளால் நீரையும் இறைத்தார்கள். அபாயக் கொடியையும் ஏற்றினார்கள். ‘ஆண்டெனர்’ என்ற மற்றொரு பிரிட்டிஷ் கப்பல் அதைக் கண்டு அருகே வந்தது. அதன் துணை அதிகாரி ஜெத்தாவில் ஏறிப் பொறுப்பேற்றார். கப்பலை இழுத்துக்கொண்டு ஆகஸ்ட் 11-இல் ஏடனை அடைந்தார்கள். மூழ்கியதாக முந்திய நாள் அறிவிக்கப்பட்ட கப்பல், தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு கரைக்கு வந்து நின்றது! பின்னர் நடந்த விசாரணையில் கிளார்க்கின் சான்றிதழ் மூன்றாண்டுகளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஜோசப் கான்ராட் என்ற ஆங்கில எழுத்தாளரின் ‘லார்ட் ஜிம்’ (1900) நாவலுக்கு இச்சம்பவமே அடித்தளமானது.

இதிலிருந்து நாம் பெறவேண்டிய படிப்பினைகள் மூன்று.

முதலாவது, அமானிதம். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு சூரத்துந் நிஸாவில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். நாம் ஒவ்வொருவரும் பொறுப்பாளர் என்றும், பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவோம் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். கடல் அமைதியாக இருக்கும்போது தலைமைப் பதவி கௌரவம். புயலடிக்கும்போதுதான் அது அமானிதம் என்பது விளங்கும். அநாதையின் சொத்தைக் கையில் வைத்திருப்பவர், பள்ளிவாசலின் வக்ஃபை நிர்வகிப்பவர், ஹாஜிகளிடம் பணம் வாங்கி அழைத்துச் செல்பவர், வயதான பெற்றோரைக் கவனிக்க வேண்டிய மகன், மிம்பரில் நிற்கும் நான் என அனைவரிடமும் ஒரு கப்பல் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. நெருக்கடி வந்த இரவில் நாம் யாருக்கும் தெரியாமல் படகைத் தேடுகிறோமா? பிறரைக் கேட்பதற்கு முன் இக்கேள்வியை என் நஃப்ஸிடமே கேட்கிறேன்.

இரண்டாவது, தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். துஆச் செய்கிறோம் என்று அந்த ஹாஜிகள் வாளியைக் கீழே வைக்கவில்லை. வாளி இருக்கிறதே என்று துஆவையும் விடவில்லை. நோயுற்றவர் மருத்துவரிடம் செல்வதும், கடன்பட்டவர் உழைப்பதும் ஈமானுக்கு முரணானவை அல்ல.

மூன்றாவது, நீதி. கைவிட்டவரும் ஆங்கிலேயர், காப்பாற்றியவர்களும் ஆங்கிலேயர்களே. ஒருவர் செய்த தவறுக்காக ஒரு சமுதாயத்தையே பழிப்பது முஃமினின் பண்பன்று. அவ்வாறே, தீர விசாரிக்காமல் ஒரு செய்தியைப் பரப்புவதும் பெருங்குற்றம். உயிரோடிருந்த நூற்றுக்கணக்கானோரை ஒரு தந்தி இறந்தவர்களாக்கியது. இன்று நம் நாவும் கைப்பேசியும் எத்தனை பேரின் மானத்தை மூழ்கடிக்கின்றன!

கப்பலின் மேல்தட்டில் இருப்போர், கீழ்த்தட்டில் துளையிடுவோரைத் தடுக்காவிட்டால் இரு சாராரும் அழிவர் என்ற உவமையை நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். நம் ஜமாஅத்தும் ஒரு கப்பலே. மேல்தட்டு, கீழ்த்தட்டு என்ற பேதம் கரைசேரும் வரை யாருக்கும் பயன்படாது.

கடலில் தத்தளிக்கும்போது அல்லாஹ்வை மட்டுமே அழைத்துவிட்டு, கரையேறியதும் அவனை மறந்துவிடும் மனிதனைத் திருமறை கண்டிக்கிறது. கரையிலும் அவனை மறவாதவர்களாக, ஒப்படைக்கப்பட்ட அமானிதத்தை இறுதிவரை கைவிடாதவர்களாக நம் அனைவரையும் வல்ல ரஹ்மான் ஆக்கியருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்!