இழப்பீடு என்னும் சொல்

நான் குடியிருக்கும் நெய்வேலி நகரியத்தில் மாலை வேளைகளில் மாணவர் சிலர் என்னிடம் வந்து உரையாடுவதுண்டு. ஒரு நாள் அவர்களுள் ஒருவர், "சட்டச் சொற்களுக்கு அகராதியைப் பார்த்தால் போதாதா? ஒரு சொல்லின் பொருளுக்காக யாராவது நீதிமன்றம் போவார்களா?" என்று கேட்டார். "நாம் நிற்கும் இந்த மண்ணை ஒட்டியே அப்படி ஒரு வழக்கு நடந்தது" என்றேன். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கு நிலத்தடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. அதை எடுப்பதற்கென 1956-இல் நிறுவனம் அமைந்தது; 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. சுரங்கத்துக்கு நிலம் வேண்டும். அந்த நிலத்திலோ உழவர்கள் பயிரிட்டு வாழ்ந்தார்கள்.

இங்கே மூன்று சொற்களை அறிந்துகொள்ள வேண்டும். முதலாவது, கையகப்படுத்துதல். இது பறிமுதல் அன்று. உடையவர் இசையாவிட்டாலும், பொது நோக்கத்துக்காக அரசு ஈடு கொடுத்து நிலத்தை எடுத்துக்கொள்வதே கையகப்படுத்துதல். இரண்டாவது, அறிவிக்கை. இன்ன நிலம் தேவைப்படுகிறது என்று அரசு முறைப்படி வெளியிடும் செய்தி அது. மூன்றாவது, சந்தை மதிப்பு. விற்க மனமுள்ளவரும் வாங்க மனமுள்ளவரும் கட்டாயமின்றிப் பேசி முடிக்கக்கூடிய விலையே அது. 1894-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, அறிவிக்கை வெளிவந்த நாளின் சந்தை மதிப்பே கணக்கு.

ஆனால் சென்னை மாநிலம் 1953-இல் பழுப்பு நிலக்கரி நிலங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றியது. அறிவிக்கை எந்த ஆண்டில் வந்தாலும், 1947-ஆம் ஆண்டின் ஒரு குறித்த நாளில் இருந்த மதிப்பையே கொள்ள வேண்டும் என்றது அச்சட்டம். கனிமம் இருப்பது தெரிந்ததும் ஏறும் விலையைப் பொதுப்பணத்திலிருந்து ஏன் கொடுக்க வேண்டும் என்று அரசின் பக்கமும் ஒரு நியாயம் சொல்லலாம். உழவர் பக்கமிருந்து பாருங்கள். 1947-இல் ஒரு சோடி மாடு விற்ற விலையை 1957-இல் கையில் கொடுத்தால், அதே சோடியைச் சந்தையில் வாங்க முடியுமா?

நில உடைமையாளர்கள் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. மாநில அரசு மேல்முறையீடு செய்தது. 1964-இல் உச்ச நீதிமன்றமும் செல்லாது என்றே தீர்ப்பளித்தது. அப்போது அரசியலமைப்பின் 31-ஆம் உறுப்பில் 'இழப்பீடு' என்ற சொல் இருந்தது. இழந்ததற்கு நேரான நியாயமான ஈடே இழப்பீடு என்று, மேற்கு வங்கச் சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1953-இலேயே அந்நீதிமன்றம் பொருள் கூறியிருந்தது. கடந்துபோன ஒரு நாளோடு மதிப்பைக் கட்டிவைத்து, பின்வந்த உயர்வை அடியோடு புறக்கணிப்பது அப்பொருளுக்குள் அடங்குமா?

அதன் பின்னரும் அச்சொல்லுக்கு ஓய்வில்லை. 1971-இல் நாடாளுமன்றம் அவ்வுறுப்பில் 'இழப்பீடு' என்பதை நீக்கி, 'தொகை' என்று மாற்றியது. தொகை என்றால் கொடுக்கப்படும் பணம். இழந்ததற்கு அது ஈடாகுமா என்பது அச்சொல்லில் இல்லை. 1978-ஆம் ஆண்டின் 44-ஆம் திருத்தத்தால் 31-ஆம் உறுப்பே நீங்கியது. சொத்துரிமை அடிப்படை உரிமையாக இல்லாது, அரசியலமைப்பு வழங்கும் சட்ட உரிமையாயிற்று. பின்னர் 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2013-இல் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின் பெயரிலேயே 'நியாயமான இழப்பீடு' என்பது இடம்பெற்றது. இழப்பீட்டுக்குச் சமமாக இன்னொரு பங்கை 'ஆறுதல் தொகை' என்ற பெயரில் சேர்த்துத் தரவும் அச்சட்டம் வகைசெய்தது.

மாணவ நண்பர்களே! நாளை உங்கள் ஊருக்கு ஓர் அறிவிக்கை வந்தால், வீட்டுப் பெரியவர்கள் அதைப் படித்துச் சொல்லுமாறு உங்களிடம்தான் நீட்டுவார்கள். அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, எந்த நாளின் மதிப்பைக் கொள்கிறது, ஆட்சேபம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். விளங்காத சொல் இருந்தால், பொருள் கேட்டறிந்த பிறகே அவர்களைக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.