பெட்டி மாறினால் பாட்டு மாறுமா?

('கலைஞனுக்குக் கைகொடுப்பது பழைய கருவியா, புதிய கருவியா?' என்ற தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'புதிய கருவியே' என்ற அணியில் பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி கிடார் வாசிக்கிறவர். அம்மி போச்சு, ஆட்டுக்கல் போச்சு என்று வழக்கமான ஒப்பாரி வைக்காமல், தன் தொழிலையே எடுத்து வைத்துப் பேசினார். அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். "வால்வு போட்ட கிடார் ஆம்ப்ளிஃபயரிலே வாசிக்கிற சுகம் இந்தக் கம்ப்யூட்டர் டப்பாவிலே வருமா? அது அசல், இது நகல். அதிலே உயிர் இருக்கு, இதிலே இல்லை" என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். நீங்களும் கை தட்டினீர்கள். அதிலே பாதிப் பேர் எதற்குத் தட்டுகிறோம் என்று தெரியாமலே தட்டினீர்கள் என்பது என் கணிப்பு. (சிரிப்பு)

அதனாலே முதலிலே அந்தப் பெட்டி என்ன என்று சொல்லிவிடுகிறேன். நம்ம வீணைக்குக் குடம் இருக்கிறது. கம்பியை மீட்டினால் குடம் அதைப் பெரிதாக்கிக் கொடுக்கும். எலெக்ட்ரிக் கிடாருக்குக் குடம் கிடையாது, வெறும் பலகை. கம்பிக்கு அடியிலே இருக்கிற காந்தமும் கம்பிச் சுருளும் அந்த அதிர்வை மெல்லிய மின் அலையாக மாற்றி, ஒரு வயர் வழியாக வெளியே அனுப்பும். அதை வாங்கிப் பெரிதாக்கி நம் காதிலே போடுவதுதான் அந்தப் பெட்டி. ஆக, கிடாருக்குக் குடம் பத்தடி தள்ளி வைத்திருக்கிற பெட்டியிலே இருக்கிறது! பாதி வாத்தியம் அதுதான். அதனாலேதான் தம்பிக்கு அதன்மேல் அவ்வளவு பாசம்.

அந்தப் பெட்டிக்குள்ளே இருப்பது வால்வு. அந்தக் காலத்து வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே செக்கச்செவேல் என்று சூடேற வேண்டும். ரேடியோ பாட ஆரம்பிப்பதற்குள்ளே அடுப்பிலே காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வந்துவிடலாம். (சிரிப்பு) அதே வால்வுதான் இது. கிடார் பெட்டிக்குப் பெயர்போன லியோ ஃபெண்டர், கலிஃபோர்னியாவிலே ஃபுல்லர்ட்டன் என்கிற ஊரிலே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். ரேடியோவும் கிடார் பெட்டியும் அக்கா தங்கை பிள்ளைகள்.

வால்வுக்குள்ளே என்ன நடக்கிறது? ஒரு முனை சூடாகிறது. சூட்டிலே எலெக்ட்ரான்கள் கிளம்பி எதிரே இருக்கிற தகட்டை நோக்கி ஓடுகின்றன. நடுவிலே ஒரு கம்பி வலை. கிடாரிலிருந்து வருகிற சின்ன மின் அலை அந்த வலையிலே உட்கார்ந்துகொண்டு, 'நீ போ, நீ நில்' என்று அந்தப் பெரிய ஓட்டத்தையே ஆட்டிவைக்கிறது. வீட்டிலே சம்பாதிக்கிறவர் ஒருவர், வாசலிலே நின்று கணக்குக் கேட்கிறவர் இன்னொருவர் இல்லையா? அந்த மாதிரி. (சிரிப்பு, கைதட்டல்)

சரி, தாங்கும் அளவுக்கு மேலே குமிழைத் திருகினால்? அலையின் உச்சி மழுங்கிப் போகும். சத்தம் கரகரக்கும். பெட்டி செய்தவர்களுக்கு அது குறை. வாசித்த பையன்களுக்கு அது ருசி! திரட்டுப்பால் கிண்டும்போது அடியிலே லேசாகப் பிடித்துவிட்டால் பாட்டி தலையிலே அடித்துக்கொள்வார்கள். பேரன் அதைத்தான் சுரண்டிக் கேட்பான். 1964-இலே இங்கிலாந்திலே 'கிங்க்ஸ்' என்ற குழுவிலே டேவ் டேவிஸ் என்று ஒரு பிள்ளை. அந்தக் கரகரப்பு வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கர் காகிதத்தையே பிளேடாலே கிழித்தான். அந்தப் பாட்டு ஊரையே கலக்கியது. இன்றைக்குத் தம்பி 'புனிதமான பழைய ஒலி' என்று கும்பிடுகிறாரே, அது பிறந்த கதை இதுதான். அன்றைக்கும் ஒரு பெரியவர் பக்கத்திலே நின்று, "நல்ல பெட்டியைக் கெடுக்கிறானே பாவி" என்று சொல்லியிருப்பார். அந்தப் பெரியவருடைய நாற்காலியிலே இன்றைக்குத் தம்பி உட்கார்ந்திருக்கிறார்! (பலத்த கைதட்டல்)

அடுத்து, 'அசல், நகல்' என்றார். நடுவர் அவர்களே, இதுதான் வழக்கின் உயிர்நாடி. லண்டனுக்கு மேற்கே ஹான்வெல் பகுதியிலே ஜிம் மார்ஷல் என்று ஒருவர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். அடிப்படையிலே டிரம்ஸ் வாத்தியார். கடைக்கு வருகிற இளைஞர்கள், "அமெரிக்கப் பெட்டி விலை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, நமக்கு ஒன்று செய்யக் கூடாதா?" என்று கேட்டார்கள். 1962-இலே அவரும் அவருடைய ஆட்களும் என்ன செய்தார்கள்? ஃபெண்டருடைய 'பேஸ்மேன்' பெட்டியை முன்னாலே வைத்துக்கொண்டு, அதன் சுற்றமைப்பை அப்படியே பின்பற்றி ஒன்று செய்தார்கள். அமெரிக்க ஸ்பீக்கருக்குப் பதிலாக உள்ளூர்ச் செலஸ்டியன் ஸ்பீக்கர். உள்ளூரிலே கிடைத்த சாமான். சத்தம் கொஞ்சம் மாறிப் போச்சு. அந்த மாறிப்போன சத்தம்தான் உலகப் புகழ்பெற்ற மார்ஷல் சத்தம். தம்பி தன் பேச்சிலே நான்கு தடவை சொன்னாரே, 'அசல் மார்ஷல்' என்று! அந்த அசலே ஒரு நகல்தான் ஐயா. (கைதட்டல்)

இனிமேல் கொஞ்சம் முதுகு வலியைப் பற்றிப் பேச வேண்டும். (சிரிப்பு) வால்வுக்கு நூற்றுக்கணக்கான வோல்ட் வேண்டும். அதற்கு இரும்பும் செம்புமாக டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஃபெண்டர் 'ட்வின் ரிவெர்ப்' என்கிற பெட்டி ஏறக்குறைய 29 கிலோ. கடையிலே வாங்குகிற 25 கிலோ அரிசி மூட்டையைவிட அதிகம். மூட்டையாவது வீட்டுக்கு ஒரு தடவை வந்தால் போதும். கச்சேரிக்காரன் போகும்போது தூக்க வேண்டும், வரும்போதும் தூக்க வேண்டும். என் அக்கா மகன் ஒருவன் மெல்லிசைக் குழுவிலே வாசிக்கிறான். முன்பெல்லாம் அவன் பழைய பெட்டியோடு வாசலுக்கு வந்து, "மாமா, ஒரு கை பிடிங்க" என்றால் எனக்குத் தமிழே மறந்துவிடும். இப்போது புத்தகப் பை மாதிரி ஒன்றைத் தோளிலே மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரிலே போகிறான். மாமாவைத் தேடுவதே இல்லை. (சிரிப்பு)

இன்னொரு சங்கடம். வால்வு பெட்டி சத்தமாக வைத்தால்தான் தன் குணத்தை முழுசாகக் காட்டும். மெதுவாக வைத்தால் ஊமை. அடுக்குமாடிக் குடியிருப்பிலே மேல் வீட்டிலே பிள்ளைக்குப் பரீட்சை, கீழ் வீட்டிலே தாத்தாவுக்கு பிரஷர். எங்கே போய்ப் பழகுவது? தனி பங்களா இருக்கிறவன் மட்டும்தான் கிடார் கற்றுக்கொள்ள வேண்டுமா?

புதுக் கருவி இங்கேதான் வந்து கைகொடுக்கிறது. அது என்ன செய்கிறது? கிடாரிலிருந்து வருகிற அலையை ஒரு நொடிக்கு 48,000 தடவை அளக்கிறது. வால்வு இருந்திருந்தால் இந்த அளவை என்ன செய்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்திருக்கும், ஸ்பீக்கர் என்ன செய்திருக்கும் என்று ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டு விடையை வெளியே அனுப்புகிறது. நம் காது கண்டுபிடிப்பதற்குள்ளே கணக்கு முடிந்துவிடும். 1998-இலே லைன் சிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி 'பாட்' என்று சிவப்பாக, ராஜ்மா விதை மாதிரி ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடு ராத்திரியிலே வாசிக்கலாம். அன்றைக்கு வந்தது சுமார்தான். வெந்தும் வேகாததுமாக இருந்தது என்று வாசித்தவர்களே சொல்வார்கள். பிறகு 2006-இலே ஃபிராக்டல் கம்பெனியின் 'ஆக்ஸ் எஃப்எக்ஸ்', 2015-இலே 'ஹீலிக்ஸ்' என்று பதம் கூடிக்கொண்டே வந்தது.

2013 டிசம்பர் 8. அண்டார்டிகாவிலே அர்ஜென்டினா நாட்டின் கார்லினி ஆய்வு நிலையம். மெட்டாலிகா குழு அங்கே போய்க் கச்சேரி செய்தது. ஏற்கெனவே காது செவிடாகிற மாதிரி வாசிக்கிற குழு. அந்தப் பனிக்காட்டின் அமைதியைக் கெடுக்கக் கூடாது என்று ஒலிபெருக்கியே இல்லை. ஒரு சின்னக் கூடாரத்துக்குள்ளே, வந்தவர்கள் எல்லோருக்கும் ஹெட்போன். அந்தப் பயணத்துக்குத்தான் அவர்கள் ஆக்ஸ் எஃப்எக்ஸைக் கையிலே எடுத்தார்கள். சரி, ஊருக்குத் திரும்பியதும் பழையபடி பெட்டியைத் தூக்கினார்களா? இல்லையே! பெரிய மைதானங்களுக்கும் இதையே கொண்டுபோனார்கள்.

இன்னொரு வேடிக்கை. 29 கிலோ என்று சொன்னேனே ட்வின் ரிவெர்ப், அதைச் செய்த அதே ஃபெண்டர் கம்பெனி 2019-இலே 'டோன் மாஸ்டர்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. வெளியே பார்த்தால் அதே துணி, அதே குமிழ், அதே எழுத்து. உள்ளே வால்வே இல்லை, கணக்குதான். எடை ஏறக்குறைய 15 கிலோ. பெற்ற தாயே 'இதுவும் என் பிள்ளைதான்' என்று இடுப்பிலே தூக்கி வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, நீங்க எதற்கு டி.என்.ஏ. டெஸ்ட் கேட்கிறீங்க? (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

நான் வக்கீல் இல்லை, வாத்தியார். எதிரணி சொன்னதிலே நியாயம் இருப்பதை மறைக்கக் கூடாது. 1960-களிலே செய்த வால்வு பெட்டி பழுதானால், இன்றைக்கும் விவரம் தெரிந்தவர் பிரித்து, ஈயம் பற்றவைத்து ஓட வைத்துவிடுவார். இந்த டிஜிட்டல் பெட்டியிலே ஒரு சில்லு போனால், அதற்குச் சில்லு இருக்கிறதா என்று தேட வேண்டும். அது உண்மை. முதுகுக்குப் பின்னாலே நான்கு ஸ்பீக்கர் அதிரும்போது வேட்டி நுனி ஆடுகிற அந்த அனுபவம் ஹெட்போனிலே வராது. அதுவும் உண்மை. ஆனால் வால்வுக்கு எங்கே போவது? உலகத்துக்கு வால்வு செய்து கொடுக்கிற பெரிய ஆலைகள் ரஷ்யா, சீனா, ஸ்லோவாக்கியா என்று விரல் விட்டு எண்ணுகிற அளவிலே நின்றுவிட்டன. 2022 மார்ச்சிலே ரஷ்யா ஏற்றுமதியை நிறுத்தியபோது, எங்கேயோ நடக்கிற போருக்கு, எங்கேயோ கிடார் வாசிக்கிறவன் வால்வு வாங்க முண்டியடித்தான். பிறகு சரக்கு வந்தது. மறுபடி நிற்காது என்று யார் எழுதிக் கொடுப்பார்கள்?

நான் தமிழ் படித்தவன். எனக்கு இதிலே ஒரு பழைய காயம் உண்டு. சிலப்பதிகாரத்திலே அரங்கேற்று காதை. யாழாசிரியனுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் அடுக்கிக்கொண்டே போகிறார். கானல்வரியிலே கோவலன் யாழை வாங்கிப் பாடுகிறான், 'வேறு யாரையோ நினைத்துப் பாடுகிறான்' என்று மாதவி நினைக்கிறாள், அவள் யாழை வாங்கிப் பாடுகிறாள், இவன் சந்தேகப்படுகிறான், குடும்பமே போச்சு. அன்றைக்கு மட்டும் ஆளுக்கொரு ஹெட்போன் இருந்திருந்தால் மதுரை எரிந்திருக்காது! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

சிரித்துவிட்டோம். அந்த யாழ் எங்கே? பாட்டு இருக்கிறது, யாழ் இல்லை. பாட்டு எப்படிப் பிழைத்தது? இளங்கோவடிகள் கைப்பட எழுதிய ஏட்டை யாராவது பார்த்திருக்கிறோமா? ஓலை செல்லரிக்கும் என்று தெரிந்து, ஏட்டைப் பார்த்து ஏடு, அந்த ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏடு என்று யார் யாரோ நகல் எடுத்தார்கள். அப்படி வந்த ஏடுகளைத் தேடி எடுத்து 1892-இலே உ.வே.சாமிநாதையர் அச்சிலே ஏற்றினார். நம் கையிலே இருப்பது நகலுக்கு நகலுக்கு நகல். அதை உயிர் இல்லாதது என்று சொல்ல எனக்கு நா எழுமா? யாழை யாரும் நகல் எடுக்கவில்லை, போய்விட்டது. மட்டக்களப்புச் சீமையிலே பிறந்த விபுலாநந்த அடிகள், விஞ்ஞானமும் தமிழும் படித்தவர், வருஷக்கணக்காக உழைத்து, நரம்புக்கும் சுரத்துக்கும் கணக்குப் போட்டு, போன யாழை மறுபடி எழுப்பப் பார்த்தார். 1947-இலே 'யாழ் நூல்' அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்துவிட்டார். கருவி செத்த பிறகு கணக்குப் போட வேண்டியிருந்தது அவருக்கு.

கிடார்காரர்களுக்கு அந்தக் கதி இல்லை. 2011-இலே ஜெர்மனியிலே கிறிஸ்டோஃப் கெம்பர் ஒரு கருவி கொண்டுவந்தார். உயிரோடு இருக்கிற பழைய பெட்டி முன்னாலே மைக்கை வை. கெம்பர் கருவி விதவிதமான ஒலிகளை அதற்குள்ளே அனுப்பும். வெளியே வருவதைக் கேட்கும். இந்தப் பெட்டி, இந்தக் குமிழ் இந்த இடத்திலே இருக்கும்போது, இப்படிப் பேசுகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளும். குமிழை மாற்றினால் மறுபடி ஒரு பதிவு எடுப்பது நல்லது. ஒரே போட்டோவிலே ஒரு மனிதனுடைய எல்லா முகமும் வராது இல்லையா?

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, முடித்துவிடுகிறேன். தம்பி, உங்கள் வீட்டிலே நீங்கள் துணி போட்டு மூடி வைத்திருக்கிற அந்த வால்வு பெட்டியை விற்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குப் பிடித்த மாதிரி குமிழ்களைத் திருகி வைத்து, முன்னாலே ஒரு மைக்கை வைத்து, அந்த வால்வு எரிந்துகொண்டிருக்கும்போதே பதிவு எடுத்துவிடுங்கள். கருவிக்கு என் அக்கா மகனிடம் சொல்கிறேன். தீர்ப்பை நடுவர் சொல்லட்டும். (கைதட்டல்)